மூடியில் இருந்த பெயர்

கருப்புத் தூளோடு வேலை செய்கிறவர்கள் வெள்ளைச் சட்டை போடக் கூடாது என்பார்கள், சார். செங் ஊரில் இருக்கும் தொழிற்சாலைக்கு நான் பதினோரு வருடமும் வெள்ளையில்தான் போனேன். ஒரு கறை பட்டதில்லை. நிதானமான கை.

பேட்டரிக்குள் போகும் கிராஃபைட் தூள் அது. ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய கார்பன் தோல் பூசி உலையில் சுட்டால், பேட்டரி வேகமாகச் சார்ஜ் ஏறும், கெடாது. பூசாத தூளை அதே வேகத்தில் ஏற்றினால், உள்ளே லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து ஒருநாள் தீப்பிடிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கருப்பு. அதனால்தான் பூசியவர் டப்பாவின் மூடியில் பெயர் எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

எவ்வளவு பூசுவது, எந்தச் சூட்டில் சுடுவது என்று இரண்டு வருடம் தேடிக் கண்டுபிடித்தவள் நான். எஞ்சினியர் ஹரிதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். "ரிப்போர்ட்ல உங்க பேருதான் முதல்ல லா, அக்கா" என்றார். ரிப்போர்ட் வந்தது. அவர் பெயர் மட்டும் இருந்தது. கேட்டேன்.

"குஞ்சம்மான்னு பேரு போட்டா வெளிநாட்டுக்காரன் சிரிப்பான் லா, அக்கா."

நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து மூடிகளிலும் என் பெயரைத் துடைத்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

பிறகு தன் மின்சார மோட்டார் சைக்கிளிலேயே அந்தத் தூளில் செய்த பேட்டரியைப் போட்டு ஓட்ட ஆசைப்பட்டார். சோதனைக்குப் போன தூளில் பூசினேன். அவர் மோட்டார் சைக்கிளுக்குப் போன தூளில் பூசவில்லை. வேறொன்றும் செய்யவில்லை.

தெங்கேராவில் அவர் வீடு குறுகலானது. மோட்டாரை வாசற்கதவை ஒட்டி உள்ளே நிறுத்தித்தான் சார்ஜ் போடுவார். வேறு வாசல் கிடையாது. மத்தியானத்தில் அவர் மனைவி தேவமலர் சற்றுப் படுப்பாள். தீபாவளிக்கு எனக்கு முறுக்குச் சுட்டு அனுப்புகிறவள். எல்லாம் எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உம்பாய் கடற்கரையில் ஒரு மீன் கடையில் எங்களுக்கெல்லாம் விருந்து வைத்தார். "தம்பி, மோட்டாருக்கு சார்ஜ் போட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டுட்டுத்தான் வந்தேன் லா. உங்க கை ராசி, அக்கா."

சுட்ட மீனில் முள்ளை எடுத்துவிட்டு அவர் தட்டில் வைத்தேன். வீடு எரிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தபோது இரண்டாவது மீனுக்கு வந்திருந்தோம்.

தேவமலரை நான் கொன்றதாக எழுதப் பார்க்கிறீர்கள். அந்த டப்பாவை எடுத்துப் பாருங்கள், சார். மூடியில் அவர் பெயர்தானே இருக்கிறது.