பிறை எந்த மட்டத்துக்கு மேலே

அந்தத் தொலைநோக்கியை இன்னும் கொஞ்சம் இறக்குங்க தம்பி. சூரியன் விழுற இடத்துக்கு இடப்பக்கம்... ஓ, தெரியுமா? மன்னிச்சுக்கங்க. ஜெபாரா ஊர்ப் பள்ளிக்கூடத்துல பூகோளம் நடத்தினவ நான், வாய் சும்மா இருக்காது.

நோன்பு இருபத்தொம்பது ஆனா இந்தக் குன்றுக்கு வந்துடுவேன். எங்க பள்ளிவாசல்ல, இங்கிருந்து பிறை கண்ணுல பட்டாத்தான் மறுநாள் பெருநாள். எங்க வீட்டுக்காரர் மார்சூக்கிக்கு அதெல்லாம் வேண்டாம். அவங்க கணக்குப் போடற கூட்டம். சூரியன் மறையறப்போ பிறை அடிவான மட்டத்துக்கு மயிரிழை மேல இருந்தாப் போதும். யாரும் பார்க்க வேண்டாம், மாசம் பிறந்தாச்சு.

எந்த அடிவானம்னு கேப்பேன். குன்றுல நின்னா கடல் இன்னும் கீழ இறங்கித் தெரியுதே, அதுவா? அதுக்கு அவர், நீ நிக்கிற இடமா உலகத்துக்கு நடு? பூமியோட மையத்துல ஒருத்தன் உக்காந்து பார்க்கறான்னு வச்சுக்கோம்பார். அங்க யாரு உக்காந்திருக்கா, உங்கம்மாவா? ம்... சிரிங்க. அவரும் இப்படித்தான் சிரிப்பார்.

சில வருஷம் ஒரே வீட்டுல ரெண்டு பெருநாள். அவருக்கு இன்னிக்கு, எனக்கு நாளைக்கு. நோன்பு வாயோட, தென்னங்குருத்துக் கூட்டுல அரிசி அடைச்சு கெதுபாட் அவிச்சு, தேங்காப்பால்ல கோழி வைப்பேன். உப்புகூடப் பார்க்க மாட்டேன். புதுச் சட்டையோட எதிர்ல உக்காந்து முழுசாத் தின்னுட்டு, பெருநாளன்னிக்கு நோன்பு வைக்கிறது பாவம்டி, உப்பும் கம்மிம்பார். உங்க பெருநாள்தானே, உங்க உப்புதானேன்னுவேன். மறுநாள் எனக்கு மிச்சத்தைச் சூடு பண்ணித் தருவார். அதுக்குப் பேரு விருந்து.

இல்ல தம்பி, அவர் வரல. நோன்புக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ரஜப்லயே தவறிப் போயிட்டார்.

இந்த வருஷம் பிறை நல்ல உயரமாம், ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே நாளாம். பேப்பர்ல போட்டிருந்தான். ஊருக்கெல்லாம் சந்தோஷம், ஒத்துமை வந்துடுச்சுன்னு. சண்டை போட ஆள் இல்லாதப்போ வந்திருக்கு.

அந்த மேகம் இந்தப் பக்கம்தானே நகருது? இல்லையா... சரி.

பிறை கண்ணுல பட்டா பட்டுதுன்னுதான் நீங்க சொல்லணும், சத்தியம் பண்ற வேலை. பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். படாமப் போகணும்னு நான் துஆ கேட்டா மட்டும் கோவிச்சுக்காதீங்க. படலைன்னா நாளைக்கு அவருக்கு மட்டும் பெருநாள், எனக்கு நோன்பு.

கோழி ஒரு ஆளுக்குத்தான் வாங்கியிருக்கேன்.