கூட்ஸ் வண்டிக்கு அடியில் கேட்ட பாட்டு

"ஏரோப்ளேனு! படு! படு! ஜல்தி!"

விழுப்புரம் ஜங்ஷன். 1942 ஏப்ரல். காலை வெயில் ஏறிவிட்டது. சென்னையிலிருந்து வந்த வண்டி இப்போதுதான் நின்றிருக்கிறது. ஜன்னல் வழியாக மூட்டைகள் விழுகின்றன. மூட்டைகள் மேல் மனிதர்கள் விழுகிறார்கள். வானத்தில் உறுமல். நம்முடையதா, ஜப்பான்காரனுடையதா? யாருக்கும் தெரியாது. கரிக்கூடையை எறிந்துவிட்டு கூட்ஸ் வண்டிக்கு அடியில் புகுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியம். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு சேரி, அதுதான் ஊர். என் கணவர் சவரிமுத்து ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதோடு கடிதம் நின்றது. ரயில் கூடும் இடத்தில் இருந்தால் சேதி கிடைக்கும் என்று விழுப்புரம் வந்தேன். கரி சுமந்தேன். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டேன். யாருக்கும் அவரைத் தெரியவில்லை.

உறுமல் நெருங்குகிறது. தண்டவாளம் அதிர்கிறது. பயத்தில் வாய் தானாகப் பாடுகிறது. கல்யாணத்துக்கு முன், வேர்க்கடலைக் கொல்லையில், எங்கள் பேச்சில் மல்லாட்டைக் கொல்லையில், களை வெட்டும்போது அவருக்காக நான் கட்டிய பாட்டு.

மல்லாட்டை பூத்த பூவு மண்ணுக்குள்ள போகுதய்யா
ஏங்கிப் பூத்த எம் மனசு எந்த மண்ணத் தேடுதய்யா

பக்கத்தில் ஒரு முனகல். சாக்குத் துணி சுற்றிய கால்கள். எலும்பும் தோலுமாய் ஓர் ஆள். குப்புறப் படுத்தபடியே பாடுகிறார்.

எந்த மண்ணுல வுழுந்தாலும் எம் வேரு ஒங்கிட்டதான்
எட்டாத தூரத்துலயும் எம் மூச்சு ஒங்கிட்டதான்

அந்த அடிகளை நான் கட்டவில்லை. அதுவரை கேட்டதும் இல்லை.

உறுமல் தேய்ந்தது. குண்டு விழவில்லை.

"நீ ஆரோக்கியமா?" என்றார் அவர்.

"அவரு எங்கங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பர்மா மலையில வுட்டுட்டு வந்துட்டேம்மா. காலரா."

அவர் பெயர் சின்னப்பன். மண்டகப்பட்டுக்காரர். என் கணவரோடு ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்கியவர்.

"பாடிக்கினேதான் நடந்தோம். மொதல்ல செத்தவங்களுக்குக் குழி வெட்டி, ஜெபப்பாட்டு பாடிப் பொதைச்சோம். அப்புறம் வெட்டத் தெம்பில்ல. அப்புறம் பாட்டும் நின்னுபோச்சு. சவரிமுத்துக்கு மட்டும், ஒம் பாட்டுக்குப் பதிலா அவன் கட்டின பாட்டையே பாடினேன். வேற எதுவும் நாக்குல வரல."

"பொதைச்சீங்களா?"

"எலை போட்டு மூடினேன்."

நான் அழவில்லை. சின்னப்பன் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஸ்டேஷன் பக்கத்தில் நான் தங்கியிருந்த குடிசைக்குக் கூட்டிப்போனேன். அவருடைய ஊர் தூரமில்லை. ஆனால் நடக்க முடியவில்லை. மாட்டுவண்டியும் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து ஓடி வந்தவர்கள் எல்லா வண்டிகளையும் பிடித்துவிட்டார்கள். மூன்று நாள் அலைந்தேன். நான்காம் நாள் விடிகாலையில் அவர் மூச்சு நின்றது. கோயில் கல்லறையில் இடம் கேட்டு வாங்கினேன். குழி மேட்டில் நின்று ஜெபப்பாட்டை முழுதாகப் பாடினேன். மலையில் பாடாமல் விட்டவர்களுக்கும் சேர்த்து.

பிறகு மண்டகப்பட்டுக்கு நடந்தேன். அவருடைய மனைவி மரியா கேப்பைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்தாள்.

"கடைசியா எதுனா கேட்டாராக்கா?"

"கேப்பைக் கூழு கேட்டாரு. குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு."

"ஒங்க கையாலயா?"

"எங் கையாலதான்."

அவள் என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஒப்பாரி எழுந்தது. நானும் அழுதேன். அவள் பாடியதை இங்கே சொல்ல மாட்டேன். அது அவளுடையது.

எங்கள் சேரியிலிருந்து ரங்கூன் போனவர்கள் ஏழு பேர். சவரிமுத்து. அவர் தம்பி அருளப்பன். அந்தோணி. சூசை. ராயப்பன். மிக்கேல். கல்யாணம் பேசி வைத்திருந்த இன்னாசி. ஒருவரும் திரும்பவில்லை. மண்டகப்பட்டு சின்னப்பனோடு எட்டு.

எனக்குத் தெரிந்து, எட்டுப் பேரில் குழி கிடைத்தது ஒருவருக்கு.