தம்பியின் மாத்திரை டப்பா

என் தம்பி கிரீஷுக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். பொழிச்சலூரில் அவன் வீட்டுக்குப் போனால் நானேதான் போட்டுக் கொடுப்பேன். அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது அவன் மனைவி தேவதர்ஷினிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தான். அதனால் மாதாமாதம் மாத்திரை டப்பாவை நான் வாங்கி வந்து கொடுத்தேன்.

நீங்கள் விசாரிக்க வந்தவர்கள், ஆராய்ச்சியாளர்கள் அல்ல. அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். இந்த வைரஸ் நம் செல்லின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆனால் அதைப் படித்து நகலெடுக்க நம்முடைய புரதங்கள்தான் வர வேண்டும். சில புரதங்கள் அதை எழுப்பும். வேறு சில, அது கிடக்கும் இடத்தை இறுக்கிச் சுற்றித் தூங்கவைக்கும். மாத்திரை, வைரஸ் புதிய செல்களுக்குப் பரவாமல் தடுக்கும், தூங்குவதைத் தொடாது.

கிரீஷின் ரத்தத்தை, நான் இந்த வைரஸை ஆராயும் ஆய்வகத்துக்கு அவன் சம்மதத்தோடுதான் எடுத்தேன். தூங்கும் வைரஸை எழுப்பும் எந்த மருந்தை ஊற்றியும் அவன் செல்களில் அது எழவில்லை. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அவன் உடம்பே அதைப் பூட்டி வைத்திருக்கிறது என்று நம்பினேன். உறுதி செய்ய மாத்திரையை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு மறுத்துவிட்டது. அவர்கள் சொன்னதில் தவறில்லை.

அதே நிறத்தில், அதே அளவில் ஒரு கால்சியம் மாத்திரை பல்லாவரத்தில் கிடைத்தது. டப்பாவில் அதை நிரப்பிக் கொடுத்தேன். காலம் முழுக்க மாத்திரை விழுங்கும் தொல்லையிலிருந்து அவனை விடுவிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். வாரம் ஒருமுறை வழக்கம்போல ரத்தம் எடுத்தேன். வைரஸ் தென்படவில்லை. சந்தோஷத்தில் குன்றத்தூர் மலை ஏறி அர்ச்சனைகூடச் செய்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்தச் சமயத்தில்தான் தேவதர்ஷினி என்னிடம் சொன்னாள்.

"டாக்டர் ஓகே சொல்லிட்டாங்க அக்கா. வைரஸ் கண்ணுலயே படலையாம், எனக்கு ஒட்டாதாம். குழந்தைக்கு ட்ரை பண்ணலாம்னு இருக்கோம்."

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவனை நினைத்து டாக்டர் சொன்ன வார்த்தை அது. நான் நல்லது என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது, கிரீஷுக்கு டெங்கு வந்தது. காய்ச்சலை எதிர்க்க அவன் செல்கள் விழித்தன. வைரஸை எழுப்பும் புரதங்களும் கூடவே விழித்தன. அடுத்த ரத்தத்தில் வைரஸ் இருந்தது. அதற்கடுத்ததில் ஏராளமாக இருந்தது. நான் தேடிய பூட்டும் சாவியும் எப்படி வேலை செய்கின்றன என்பது நான் வாராவாரம் வைரஸ் அளவைக் குறித்து வந்த வரைபடத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அன்றே போன் செய்து சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு தடவை ரத்தம் எடுத்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஒரு தடவை. அதற்குள் அவன் காய்ச்சல் தேறி எழுந்துவிட்டான்.

தேவதர்ஷினி கர்ப்பம் என்று தெரிந்தபோது வழக்கமான பரிசோதனைகள் செய்தார்கள். அவளுக்கும் எச்.ஐ.வி. இருந்தது.

அன்று நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கிரீஷ் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான் எங்கயோ மாத்திரையை விட்டுட்டேன் போல தர்ஷு. என்னை மன்னிச்சிரு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பி, "ஒரு நாளும் விட்ட மாதிரி ஞாபகம் இல்லைக்கா" என்றான். காய்ச்சலில் மறந்திருப்பாய் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம். அதை நினைத்தால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாத்திரையை மாற்றியது நான். வைரஸ் எழுந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தது நான். பழியை அவன் தலையில் வைத்ததும் நான்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டான். எங்களுக்குள் அவ்வளவு பாசம்.