மாப்பிள்ளையின் உயரம்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. விமானங்களுக்கு வழி சொல்லும் எங்கள் ராடார் அறையில் போட்டிருப்பதில் நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும்.

என் தங்கை கணவர் சின்ன விமானம் ஓட்டுகிறவர். வாய் மட்டும் ஜம்போ சைஸ். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "நம்ம மச்சான் தரையில உக்காந்தே பிளேன் ஓட்டுவாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். போன வாரம் என் மனைவியும் சிரித்தாள். அது எனக்கு வலித்தது.

விஷயம் சுலபம். விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு பெட்டி. ராடார் "யாரது?" என்று கேட்டால் பதில் சொல்லும். ஒரு நிலையில் வைத்தால் அடையாள எண் மட்டும்; இன்னொரு நிலையில் உயரமும் சேர்ந்து வரும். பயணிகள் விமானத்திலுள்ள மோதல் எச்சரிக்கைக் கருவி இந்தப் பதிலை ஒட்டுக்கேட்டுத்தான் "ஏறு", "இறங்கு" என்று விமானியை விரட்டும். உயரம் வராவிட்டால், பக்கத்தில் யாரோ இருப்பதாக முனகுவதோடு சரி.

அந்தப் பெட்டி சில சமயம் உயரத்தைத் தப்பாகச் சொல்லும். அப்போது உயரத்தை அனுப்ப வேண்டாம் என்போம். விமானி மறுபேச்சுப் பேசமாட்டார். தன் உயரம் எங்கள் திரையில் எப்படித் தெரிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று ஒரே மேகம். மாப்பிள்ளையின் உயரம் என் திரையில் சுத்தமாகத் தெரிந்தது. தப்பாகக் காட்டுகிறது, நிறுத்துங்கள் என்றேன். ரேடியோவில் உறவுமுறை சொல்லக் கூடாது. அவர் கேட்டால்தானே.

"சரி மச்சான், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதை. கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன்.

சும்மா பயமுறுத்தத்தான் நினைத்தேன். எதிரே ஒரு பயணிகள் விமானம் வந்துகொண்டிருந்தது. உயரம் வராததால் என் திரையின் எச்சரிக்கை மணியும் வாயை மூடிக்கொண்டது. அந்த விமானி, பக்கத்தில் ஏதோ காட்டுகிறதே, எந்த உயரத்தில் போகிறது என்று விசாரித்தார். நல்ல மனிதர், பணிவாகத்தான் கேட்டார்.

"உங்களுக்கு ரொம்பக் கீழ. கவலைப்படாதீங்க" என்றேன்.

இருவரும் ஒரே உயரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். இரண்டு புள்ளிகளும் ஒன்றாகி, பிறகு திரையில் எதுவுமே இல்லாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. கோபம் ஆறினால் பேசுவாள். எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இருந்தது குடும்ப விவகாரம். அந்த விமானத்தில் வந்தவர்கள்மீது எனக்கு எந்த மனஸ்தாபமும் கிடையாது, அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.