கொத்தமல்லிக்கு இடம் மாற்றினால் ஆகாது

கொத்தமல்லியையும் புதினாவையும் ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது, ஐயா. கடையில் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் நாற்றுப் பண்ணைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படி வைத்துவிட்டு, ஒரு மாதத்தில் திரும்பி வந்து, "கொத்தமல்லி செத்துப்போச்சுங்க" என்று என்னைக் குற்றவாளி மாதிரி பார்ப்பார்கள்.

புதினா வெட்கம் கெட்ட செடி. இலையை ஆய்ந்துவிட்டு வீசுகிற தண்டை ஈர மண்ணில் செருகினால் போதும், பிடித்துக்கொள்ளும். அரை நிழலும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் வேறு எதுவும் கேட்காது. கொஞ்சம் அசந்தால் மண்ணுக்கடியில் ஓடிப் பக்கத்து வீட்டில் தலையை நீட்டும். கொத்தமல்லி அப்படியில்லை. விதையை இரண்டாக உடைத்து, எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே தூவ வேண்டும். நேராக ஒரு வேர் இறக்கும். அதைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் வாடிவிடும். வெயில் கூடினால் அவசரமாகப் பூத்துவிடும், பூத்தபின் இலைக்கு ஆசைப்பட முடியாது. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். என் தங்கை கொத்தமல்லி.

அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து மூன்று. அந்த வருடமே அவளுக்கு வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் விழுந்தவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து பதினெட்டு வருடம் அவள் மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலைக்கு ஏழு, இரவுக்கு ஏழு என்று அறை வைத்த டப்பாவை ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவிடுவேன். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கு இரண்டு இடத்தில் சம்பந்தம் வந்தது. கொடியைப் பந்தலிலிருந்து பிரிக்க முடியுமா என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு தடவை பிரிந்திருந்தோம். எனக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது சித்தி வந்து அவளை மூன்று மாதம் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு வலிப்புகூட வரவில்லை. திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை பிடித்திருந்தது, சத்தமாகச் சிரிக்கவும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். நான்தான் எட்டுக் கிலோ இளைத்திருந்தேன்.

"என்னக்கா இப்படி ஆயிட்ட? சாப்பிடவே இல்லையா?" என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"தனியா யாருக்குடி சமைக்கிறது?" என்றேன். அவள் தேறியதற்கு அந்த ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன்.

அவள் சீருடை தைக்கிற கடையில் துணி வெட்டினாள். கத்தரிக்கோல் அவள் கையில் ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. போன மாதம் ஒரு மாலை வந்து, வேறு ஊரில் பெரிய தையல் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பதினோரு மணி நேர ரயில் பயணம், கூட வேலை செய்தவள் ஒருத்தியோடு அறை எடுத்துத் தங்கப் போகிறேன் என்றாள். முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வந்து சொன்னாள். அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அக்கா, லீவுக்கு லீவு வந்துருவேன்ல. என்னமோ கப்பலேறிப் போற மாதிரி மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கியே."

"மாத்திரையை யாரு எடுத்துக் குடுப்பா?"

"எனக்கு இருபத்தேழு வயசு. டப்பாவத் தெறக்கத் தெரியும்." பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானேக்கா. எனக்கும் ஒரு வயிறு இருக்கு, ஒரு வாழ்க்கை இருக்கு. நீயும் உனக்குன்னு ஒண்ணப் பாத்துக்கோயேன்."

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் நெஞ்சில் தைத்தது.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூருக்கு வண்டியேறப் போகிற தக்காளி, மிளகாய் நாற்றுகளுக்கு முன்கூட்டியே பத்து நாள் தண்ணீரைக் குறைப்போம். பழக்குவது என்று பெயர். தாங்குகிற நாற்று வண்டியேறும். துவண்டுவிடுகிறதைத் திரும்ப நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் காட்டுவோம். பழக்காமல் அனுப்பினால் போகிற இடத்தில் பொசுங்கிவிடும், அனுப்பினவர்களுக்குத்தான் பாவம். முன்பின் தெரியாதவர் வாங்கும் நாற்றுக்கே இவ்வளவு பார்க்கிறோம்.

அவள் கிளம்பப் பத்து நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவை நிரப்பும்போது காலை அறைகளில் வலிப்பு மாத்திரைக்குப் பதிலாக அதே மாதிரி வெள்ளையாக இருக்கும் சத்து மாத்திரையைப் போட்டேன். இரவு மாத்திரையில் கை வைக்கவில்லை. துவண்டால் போக வேண்டாம், தாங்கினால் நானே ரயிலேற்றிவிடுகிறேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. நாற்றிடம் யாரும் சொல்வதில்லை.

எட்டு நாள் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடிக்கொண்டே துணி மடித்தாள். எட்டாம் நாள் சாயங்காலம் பின்கட்டிலிருந்து புதினாத் தண்டு நான்கைந்து ஒடித்து, ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்தாள்.

"எதுக்குடி இது?"

"அங்க கொண்டுபோய் நடத்தான். எங்க வெச்சாலும் வரும்னு நீதானே சொல்லுவ?"

நாற்று தாங்கிவிட்டது, ஐயா. என் சத்தியப்படி நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்று ராத்திரியிலிருந்து இரவு மாத்திரையையும் மாற்றினேன். பண்ணையில் எந்த நாற்றுக்கும் நான் தண்ணீரை அடியோடு நிறுத்தியதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். கை தவறிவிட்டது என்று வக்கீல் சொல்லச் சொல்வார், நான் சொல்ல மாட்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் அவளுக்கு ரயில். காலையில் குளிக்கப் போனாள். நான் பின்கட்டில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான். உள்ளே வாளி உருண்டது, பிறகு கனமாக ஏதோ விழுந்தது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவள் குளிப்பதாக நினைத்தேன் என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். அது பொய். விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. முதலில் நெஞ்சு குளிர்ந்தது, இனிப் போக மாட்டாள் என்று. பிறகுதான் பயம் வந்தது.

அவள் தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடந்துதான் செத்தாள் என்கிறீர்கள். நான் பார்க்கவில்லை, அதனால் தெரியாது. உள்ளே போயிருந்தால் தெரிந்திருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அன்றைக்கும், ஊருக்குப் போகிற நாளிலும், அவள் என் சட்டத்தை மீறவில்லை.

அவள் அறையில் இருந்த பொருளையெல்லாம் உங்கள் ஆட்கள் எடுத்துப்போனார்கள். அந்தப் பாட்டிலும் அதில் இருக்கும். இதற்குள் தண்டில் வெள்ளையாக வேர் விட்டிருக்கும். யாராவது மண்ணில் வைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் அழுகிவிடும்.

ஏன் போகவில்லை என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள். கொத்தமல்லித் தொட்டி ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதற்கும் ஊற்றினேன். பூவாளி காலியான பிறகும் கையில் பிடித்தபடி நின்றேன். "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிடட்டும், ஓடிப்போய் மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வலிப்பு வந்தால் அவளுக்குக் குரல் எழும்பாது. பதினெட்டு வருடமாக அது எனக்குத் தெரியும்.