பூச்சியம் விழுந்தால்

இல்லையப்பா, எஞ்சினை நிப்பாட்டாதைங்கோ. ஹீட்டிங் ஓடட்டும். கொஞ்சம் கதைச்சிட்டு இறங்குவம்.

ஓம், இந்தக் கசினோவுக்கை உங்களுக்குத் தடை எண்டு எனக்குத் தெரியாதே? அந்தத் தடைக்கு நீங்களே கையெழுத்து வைக்கேக்கை பக்கத்திலை நிண்டு உங்களுக்காக டொச்சிலை, ஜெர்மன் பாஷையிலை, கதைச்சது நான்தானே. உள்ளுக்கை போகவேண்டாம், வாசல் கவுண்டர் மட்டும் வந்தால் காணும். மத்தியானம்தானே, சனமும் இல்லை.

முதல்முதல் என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கோ? டொக்டரிட்டை, வெளிநாட்டாக்களின்ரை கந்தோருக்கு எல்லாம் கதைக்கக் கூட்டிக்கொண்டு போவியளே, அப்பிடித்தான். ரூலெட் மேசையிலை நீங்கள் சிவப்பிலை வைச்சியள், பூச்சியம் விழுந்தது. சக்கரம் சுத்திற பெடியன் உங்கட காசுச் சிப்பை எடுக்கவுமில்லை, தரவுமில்லை, கோட்டிலை தள்ளி வைச்சிட்டான். ஏமாத்திறாங்கள், கேள் பிள்ளை எண்டு நிண்டியள்.

கேட்டன். பாவம், அவன் வடிவா விளங்கப்படுத்தினான். இது பிரெஞ்சு மேசையாம், ஒரு பூச்சியம்தான். அமெரிக்கன் மேசையிலை ரெண்டு, அங்கை எண்டால் உடனை போயிடும். இஞ்ச சிவப்பு கறுப்பு, ஒற்றை இரட்டையிலை வைச்சது பூச்சியம் விழுந்தால் மறியலுக்குப் போகும், சிறை மாதிரி. அடுத்த சுத்திலை உங்கட நிறம் வந்தால் வெளியிலை வரும். வெண்ட காசு இல்லை. வைச்சது மட்டும்தான்.

அதோடை நான் பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் கேட்டன். தனி நம்பரிலை வைச்சால் முப்பத்தைஞ்சு மடங்கு, ரெண்டு நம்பருக்கு நடுக்கோட்டிலை வைச்சால் பதினேழு, பன்னிரண்டைச் சேர்த்துப் பிடிச்சால் ரெண்டு. தனி நம்பர் விழுந்தால் ஒரு சிப்பை வேலை செய்யிறவைக்குக் குடுக்கிறதாம் மரியாதை. நீங்கள் அதைக் கோயில் தட்டிலை போடுற மாதிரிக் குடுத்தியள்.

எல்லாத்தையும் உங்களுக்குத் தமிழிலை சொன்னன். உங்களுக்குப் பாதிதான் விளங்கினது. எனக்கு முழுக்க விளங்கீட்டுது.

சிரிக்காதைங்கோ. எங்கட குடும்பத்திலை முதல் பட்டம், அதுவும் கணக்கிலை எண்டு அம்மா கோயில்லை காணுற சனத்துக்கெல்லாம் சொல்லுறா. எந்த மேசையிலை எப்பிடி வைச்சாலும் கடைசியிலை நடத்திறவைதான் வெல்லுவினம் எண்டு என்னாலை எழுதிக் காட்ட ஏலும். எழுதிப்போட்டும் வந்திருக்கிறன்.

நீங்கள் கையெழுத்து வைச்ச அண்டைக்கு கவுண்டரிலை இருந்த மனிசி கடைசியா என்னட்டை ஒண்டு கேட்டவ. என்னவாம் எண்டு கேட்டியள். கார் பார்க்கிங்கைப் பற்றி எண்டனான். பொய். அவ என்னைத் தனிய வரேக்கை கண்டிருக்கிறா. என்ரை பேரையும் தடையிலை போடவோ எண்டு கேட்டவ. நான் வேண்டாம் எண்டனான்.

ஓம், தனிய. போன கிழமையும்.

அழாதைங்கோ, கேளுங்கோ. தடை போடவும் உள்ளுக்கை போகவும் ஒரே கவுண்டர், ஒரே அடையாள அட்டை. நேற்றும் பேரைக் குடுக்கத்தான் வந்தனான். அட்டையை நீட்டினன், வாய் வரேல்லை. அவ உள்ளுக்கை விட்டிட்டா. அதுதான் இண்டைக்கு உங்களைக் கூட வரச்சொல்லிக் கேட்டனான்.

தடைக்கு டொச்சிலை ஒரு சொல்லுத்தான். ஸ்பெற. சொல்லுங்கோ பாப்பம். ஓம், அப்பிடித்தான். நான் அட்டையைக் குடுத்திட்டுப் பேசாமல் நிண்டால், என்னைக் கையாலை காட்டிச் சொல்லுங்கோ.