குங்குமச் செப்பு மூடி போட்ட ஒஸ்ரின்

எனது பெயர் இராசையா ஜெயரூபன். வயது ஐம்பத்தேழு. தொழில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுவது. காங்கேசன்துறையில், பழைய சீமெந்துத் தொழிற்சாலைக்குத் தெற்கே உள்ள பிள்ளையார் கோயில் ஒழுங்கையில் என் மனைவியுடனும், என் அண்ணன் தவராசாவின் மனைவி நாகேஸ்வரியுடனும் வசித்து வருகிறேன். புத்தூரைச் சேர்ந்த மார்க்கண்டு என்ற பெரியவரை அடித்தது நான்தான். அதற்குச் சாட்சி தேடிப் பொலிஸ் அலைய வேண்டியதில்லை ஐயா. ஏன் அடித்தேன் என்பதை மட்டும் நான் சொல்கிற ஒழுங்கில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் அண்ணன் ஒஸ்ரின் ஏ போட்டி (A40) கார் ஒன்றை வாடகைக்கு ஓடி வந்தார். அந்தக் காரின் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வாயின் மூடி எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. உதிரிப்பாகம் எதுவும் கிடைக்காத காலம் அது. அண்ணன், அண்ணியின் சீதனப் பெட்டிக்குள் இருந்த பித்தளைக் குங்குமச் செப்பின் மூடியை எடுத்து, உட்பக்கம் ஒரு வளையம் வைத்து ஒட்டி, அந்த வாயில் பொருத்திவிட்டார். மூடியின் மேலே ஒரு மயில் இருக்கும், அதன் கொண்டை முறிந்திருக்கும். அண்ணி கோபத்தில் அவரோடு கதைக்காமல் இருந்தபோது, “இஞ்சரும், காருக்கும் ஒரு பொட்டு வேணுமெல்லோ” என்று அண்ணன் பகிடி விட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகு தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்கி, நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். கார் வீட்டிலேயே நின்றுவிட்டது. கொட்டடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் தங்கியிருந்தபோது, காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அண்ணன் சைக்கிளில் திரும்பிப் போனார். வரவில்லை. எங்கள் ஒழுங்கை முழுவதும் ஷெல் விழுந்தது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு நாங்கள் வன்னிக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், முகாமில் காலம் தள்ளி, சண்டை முடிந்த பின் திரும்பி வந்தோம். ஆமி எங்கள் காணியை விட்டபோது போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடம் புல்டோசர் போட்டுத் தரையாகக் கிடந்தது. காரும் இல்லை, ஆளின் ஒரு எலும்பும் இல்லை. முகாமில் இருந்தபோதே அண்ணன் செத்துவிட்டார் என்று அந்தியேட்டிக் கிரியை செய்துவிட்டோம். அண்ணி மட்டும் தாலியைக் கழற்றவில்லை. “ஆளைக் காட்டுங்கோ, கழட்டுறன்” என்பதைத் தவிர வேறு பேச்சு அவரிடம் இன்றுவரை இல்லை. அவருக்கு ஒரு பதில் சொல்ல முடியாமல் ஒரே வீட்டில் நான் சோறு தின்கிறேன் ஐயா, அதையும் எழுதுங்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை, குருநகரைச் சேர்ந்த என் நண்பன் வின்சன்ற், யாழ்ப்பாணத்தில் ஒரு மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி நடக்கிறது, வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு விருப்பம் இல்லை. பழைய காரைக் கண்டால் நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறவன். இருந்தும் போனேன். மொறிஸ் மைனர்களும் கேம்பிரிட்ஜ்களும் முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றன. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சீலைத்துண்டோடு தூசு தட்டியபடி இருந்தார்கள். ஆனால் சனம் கூடி நின்றது, பெயின்ற் உரிந்த ஒரு பச்சை ஏ போட்டியைச் சுற்றித்தான். மற்றவர்கள் பொனற்றை மூடி வைத்திருக்க, அந்தக் காரின் பொனற் விரியத் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் ஸ்டூலில் குடை பிடித்துக்கொண்டு இருந்தார். அவர்தான் மார்க்கண்டு. அதற்கு முதல் நான் அவரைக் கண்டதில்லை.

நடுவராக வந்த ஒருவர் எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஐயா, உந்த மூடியையும் மாத்தி, எஞ்சினுக்கும் ஒரு பெயின்ற் அடிச்சியள் எண்டால் பரிசு உங்களுக்குத்தான்” என்றார். பெரியவர், “பரிசு கிடக்கட்டும் தம்பி, மூடி இருக்கட்டும்” என்றார். சனம் சிரித்தது. என்ன மூடி என்று நானும் எட்டிப் பார்த்தேன். கொண்டை முறிந்த மயில் இருந்தது. புளி போட்டு மினுக்கி, தங்கம் மாதிரி வைத்திருந்தார்.

கார் பச்சை, எங்களுடையது கறுப்பு. உடம்பு வேறு, எஞ்சின் எங்களுடையது. எஞ்சின் இங்கே வந்திருந்தால் கார் ஊரை விட்டு வெளியே வந்திருக்கிறது. கார் வந்திருந்தால் அதை ஓட்டி வந்தவர் உயிரோடு வந்திருக்கிறார். பிறகு எப்படி எங்களிடம் வந்து சேரவில்லை? இந்தக் கணக்கு எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் ஏறியது. நான் பெரியவரிடம், “இந்த மூடி எங்காலை?” என்று கேட்டேன். அவர் எழும்பி என் முகத்தையே பார்த்தார். “தம்பி, நீர் எந்த ஊர்?” என்றார். காங்கேசன்துறை என்றேன். அவருடைய குடை கீழே விழுந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு காலமும் எங்கை ராசா போனனீங்கள்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் என் வாழ்க்கையில் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. காணிக்குப் போனால் கேட்பார்கள், அரசாங்கக் கந்தோருக்குப் போனால் கேட்பார்கள், எங்கள் காணிக்குள் மதிலைத் தள்ளிக் கட்டினவனும் கேட்பான்: இவ்வளவு காலமும் எங்கே போனீர்கள்? என் அண்ணனின் எஞ்சினை வைத்துக்கொண்டு இந்தக் கிழவனும் அதையே கேட்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. அவர் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன். கண்டும் அடித்தேன். விரித்த கையால் கன்னத்தில் ஒன்று, பிறகு நெஞ்சில் ஒரு தள்ளு. அவர் பின்பக்கமாக விழுந்து, பக்கத்துக் காரின் பம்பரில் தலை அடிபட்டது. நீங்கள் இங்கே தகராறு என்று எழுதியிருக்கிறீர்கள். தகராறு என்றால் இரண்டு பக்கமும் கை நீள வேண்டும். அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்ததோடு சரி, என்னைத் திருப்பி அடிக்கவில்லை. அதைத் திருத்துங்கள்.

(இவ்விடத்தில் வாக்குமூலம் அளிப்பவர் கேட்டுக்கொண்டபடி குடிக்கத் தண்ணீர் கொடுக்கப்பட்டது.)

அதன் பிறகு வின்சன்ற் என்னைப் பின்னால் கட்டிப் பிடித்தான். நான் அவனை உதறிவிட்டுப் பெரியவரைத் தூக்கினேன். அம்புலன்ஸில் நானும் ஏறினேன். என்னை இறக்க ஆட்கள் இழுத்தார்கள், நான் இறங்கவில்லை. வழி முழுவதும், “ஐயா, என்ரை அண்ணை எங்கை, ஒருக்காச் சொல்லுங்கோ” என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் கண் திறக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் நின்றபோது அவருடைய மகள் சுபாஜினி ஓடி வந்தார். என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நடந்ததை வின்சன்ற் அவருக்குச் சொன்னான். மூடியைக் கண்டுதான் நான் கேட்டேன் என்றதும், “நீங்கள் அந்தக் காரோடை வந்தவரின்ரை ஆக்களோ?” என்று என்னைக் கேட்டார். தம்பி என்றேன். அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் சொன்னது இது. தொண்ணூறில் தனக்கு ஐந்து வயது. கறுப்புக் கார் ஒன்று தங்கள் தோட்டத்துக்குள் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் கொஞ்ச நாள் தங்கள் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு நாள் அவர் இல்லை. அதற்கு மேல் சுபாஜினிக்குத் தெரியாது. பெரியவர் எஞ்சினைக் கழற்றித் தோட்டத்தில் குழி வெட்டித் தாட்டு வைத்தார். பின்னர் தாங்களும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது காரின் உடம்பை யாரோ கொண்டு போய்விட்டார்கள், எஞ்சின் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. காங்கேசன்துறை ஆட்களைத் தேடித் தேடி விசாரித்தவருக்கு, அந்தக் குடும்பமே வள்ளத்தோடு கடலில் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். அவர் அதை நம்பவில்லை. வேறொரு பழைய கார் வாங்கி, அதற்குள் இந்த எஞ்சினைப் பூட்டி, எங்கே கண்காட்சி, எங்கே ஊர்வலம் என்றாலும் கொண்டு போய்ப் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு இருப்பார். “ஆராவது உரிய ஆக்கள் அந்த மூடியைக் காணுவினம் எண்டுதான் அப்பா கொண்டு திரிஞ்சவர். கிழவர் பவிசு காட்டுறார் எண்டு நான்கூட ஏசினனான்” என்று சுபாஜினி சொன்னார். அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று தான் கேட்கும்போதெல்லாம், “உரிய ஆக்களுக்குத்தான் சொல்லுவன், மற்றவைக்கு அது கதையாப் போகும்” என்று சொல்லிவிடுவாராம்.

அதற்கிடையில் வின்சன்ற் போய் அண்ணியைக் கூட்டி வந்தான். காரோடு வந்த அந்த மனுசனைப் பற்றி வேறு ஏதாவது நினைவிருக்கிறதா என்று அண்ணி சுபாஜினியைக் கேட்டார். சுபாஜினி யோசித்துவிட்டு, “சாப்பிட்டிட்டுத் தன்ரை கோப்பையைத் தானே கழுவி வைப்பார். ஆம்பிளையள் அப்பிடிச் செய்யிறதை நான் அதுக்கு முந்திக் காணேல்லை” என்றார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் அண்ணன் ஒருவர்தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவார், அம்மா அதற்கு அவரை ஏசுவார். பிறகு அண்ணி என்னைப் பார்த்து, “கையை ஓங்க முதல் செவியைக் குடுத்திருக்கலாமெல்லோ, தம்பி” என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னைக் குறை சொன்னது இதுதான் முதல் தடவை.

பெரியவருக்குத் தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றும், கண் திறந்தாலும் பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றும் டொக்டர் சொன்னார். அண்ணனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே வாய் அது. அதை என் கையால் நானே அடைத்துவிட்டேன். அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். சுபாஜினி என்னிடம், “அப்பாவுக்கு ஏதும் நடந்தால் உங்களை நான் மன்னிக்க மாட்டன். ஆனால் அந்த அம்மா இஞ்சை இருக்கட்டும்” என்றார். அண்ணி இப்போது பெரியவருடைய கட்டிலடியில்தான் இருக்கிறார்.

எனக்காக ஆரும் பிணை கேட்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். என் வழக்கு விசாரணைக்காகவோ வேறு எந்த அலுவலாகவோ உங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், அண்ணியை அந்தக் கட்டிலடியில் இருந்து எழுப்ப வேண்டாம். பெரியவர் வாய் திறந்தால் முதலில் அண்ணி கேட்கட்டும். எனக்கு யாராவது பிறகு சொன்னால் போதும். நான் பொறுத்திருப்பேன்.

நான் சொன்னபடியே இது எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டியும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) இ. ஜெயரூபன்